இயங்குதளத் தெரிவும் உடைமை உறவும்: மாம்புரி வாசிகசாலை ஒன்றின் அனுபவத்தை முன்வைத்து

கணினிக்குரிய இயங்குதளத்தைத் தெரிவு செய்தல் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டுமே உரிய விடயம் என்னும் எண்ணம் நம் கல்வியுலகில் ஆழ வேரூன்றியுள்ளது. அச்சியந்திரத்தின் வருகை பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கியத்தில் விளைவித்த மாற்றங்களைப் பக்கம் பக்கமாக ஆராயும் நாம், இன்று எமது கட்டுரைகளை எழுதும் கருவி எவருடைய உடைமை, அதன் ஆயுளைத் தீர்மானிப்பவர் எவர் என்ற வினாக்களை எழுப்புவதில்லை. இவ்வினாக்களை எம்மிடம் வலிந்து கொணர்ந்தது ஏட்டறிவு அன்று. புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மாம்புரியில், வாசிகசாலை ஒன்றிலிருந்த ஆறு பழைய கணினிகளே அவற்றை எழுப்பின.

மாம்புரியை அறியாதார்க்கு ஒரு சொல். கற்பிட்டிக் குடாநாட்டின் இக்கரை மீன்பிடியாலும் தோட்டச் செய்கையாலும் வாழ்வது. 2010 ஆம் ஆண்டு முதல் இங்கு காற்றாலைகள் சுழல்கின்றன. அயலிலுள்ள நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் இயங்குகின்றது. நாட்டுக்கு மின்சாரம் ஈயும் இக்கரையும் 2022 இன் மின்வெட்டுக்குத் தப்பவில்லை என்பதைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவ்வாண்டில் மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அதன்பின் டொலரில் விலை குறிக்கப்பட்ட எப்பொருளும், அது வன்பொருளாயினும் மென்பொருள் உரிமமாயினும், கிராமத்து வாசிகசாலையின் கைக்கெட்டாததாயிற்று.

இந்நிலையிலேதான் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11, குறித்த தலைமுறைக்குப் பிந்திய செயலியையும் டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும் வேண்டி நிற்பது. வாசிகசாலையின் ஆறு கணினிகளில் ஒன்றேனும் இத்தகுதியைப் பெறவில்லை. அவற்றின் தட்டுகள் சுழன்றன, திரைகள் ஒளிர்ந்தன, விசைகள் அழுந்தின. எனினும் அவை காலாவதியானவை எனத் தீர்ப்பளிக்கப்பட்டுவிட்டன.

மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் முதற்றொகுதியிலே பொறியின் பௌதிகத் தேய்வுக்கு அப்பால் மற்றொரு தேய்வையும் இனங்காண்கின்றார். அதேவகைப் பொறி மலிவாக உற்பத்தி செய்யப்படுமிடத்தும், சிறந்த பொறியொன்று போட்டிக்கு வருமிடத்தும், பழையது தன் மதிப்பில் ஒரு பகுதியை இழக்கின்றது. எமது கணினிகளுக்கு நேர்ந்தது இதனை ஒத்ததெனினும் இதுவேயன்று. சந்தையில் சிறந்த பொறி வந்ததால் அவை மதிப்பிழக்கவில்லை. பொறியை விலைகொடுத்து வாங்கியவர் ஒருவர். அது தொடர்ந்து பயன்படுவதற்கு வேண்டிய பராமரிப்பை ஈவதா மறுப்பதா எனத் தீர்மானிப்பவர் வேறொருவர். வாங்கியவரிடம் இரும்பும் பிளாஸ்ரிக்கும் மட்டுமே எஞ்சின.

லினக்ஸ் இவ்விடத்தில் ஒரு மாற்றாக முன்வந்தது. ஆனால் ‘லினக்ஸ்’ என்ற பெயரில் ஒரே பொருள் இல்லை. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கருவகத்தை மட்டுமே. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளையும், வேறு பலர் ஆக்கிய மென்பொருள்களையும் அக்கருவகத்தோடு சேர்த்து, பரிசோதித்து, பொதிகளாகக் கட்டி, தொடர்ந்து திருத்தங்களை அனுப்பும் முழுமையே வழங்கல் எனப்படுகின்றது. ஆகவே வழங்கலைத் தெரிவு செய்பவர் திரையின் அழகைத் தெரிவு செய்வதாக எண்ணிக்கொள்கின்றார்; உண்மையில் அவர் தெரிவு செய்வது, எந்தத் திருத்தம் எப்போது வரும், எந்தப் பொறி எதுவரை ஆதரிக்கப்படும் என முடிவு செய்யும் ஓர் அமைப்பினையே.

மூலநிரல் திறந்ததாயிருப்பதால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புவோர் உளர். தமிழ்நாட்டின் அனுபவம் அந்நம்பிக்கைக்கு உகந்ததாக இல்லை. அங்கு அரச நிறுவனமான எல்கொட், உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007 அளவில் ஆயிரக்கணக்கான கணினிகளைச் சுசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. தனியுரிமை மென்பொருளின் ஏகபோகத்துக்கு எதிராக ஒரு மாநில அரசு எடுத்துவைத்த துணிச்சலான அடி அது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஆனால் சுசேயின் அன்றைய உடைமையாளரான நொவெல் நிறுவனம், 2006 நவம்பரிலேயே மைக்ரோசொப்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது. பின்னர் நொவெல் 2011 இல் அற்றச்மேற்றின் கைக்கும், அது 2014 இல் மைக்ரோ போகஸின் கைக்கும் மாறின. 2019 இல் சுசே ஈ.கியூ.ரி. என்னும் முதலீட்டு நிறுவனத்திடம் சேர்ந்தது. ஒரு மாநிலத்தின் அலுவலகங்கள் நம்பியிருந்த தளம் இவ்வாறு கைமாறுகையில், அவ்வலுவலகங்களின் எழுதுவினைஞரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி.யின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது, தமிழ்நாட்டு அரசு தன் திணைக்களங்களைப் பொஸ் என்னும் வழங்கலுக்கு மாறுமாறு பணித்தது. அது சிடாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு ஆக்கியது.

ரெட் ஹட்டின் கதை இன்னும் வெளிப்படையானது. 2019 இல் ஐ.பி.எம். அதனை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. அந்நிறுவனத்தின் வணிக வழங்கலுக்கு நிகராக, இலவசமாகக் கிடைத்து வந்தது சென்ட் ஓ.எஸ். அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டென்ற நம்பிக்கையிற் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் அதனை நிறுவியிருந்தன. 2020 டிசெம்பரில் வந்த ஓர் அறிவிப்பு அவ்வாயுளை 2021 இன் இறுதியோடு முடித்துவிட்டது. மூலநிரல் திறந்திருந்தது, முடிவெடுக்கும் அறையின் கதவு மட்டும் மூடியிருந்தது.

டெபியன் இவற்றினின்று வேறுபடுவது இவ்விடத்திலேதான். 1993 இல் இயன் மேர்டொக் தொடக்கிய இத்திட்டத்துக்குப் பங்குதாரர் இல்லை. 1997 இல் ஏற்கப்பட்ட சமூக ஒப்பந்தம் ஒன்று அதற்கு உண்டு. அதன் தலைவரை ஆண்டுதோறும் ஆக்குநரே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். உபுண்டு, அதன்வழி வந்த லினக்ஸ் மின்ட், பொஸ் ஆகியன யாவும் இம்மரத்தின் கிளைகளே. இதனைக் கண்டு சுரண்டலற்ற உற்பத்தியின் தீவொன்று முதலாளித்துவக் கடலில் தோன்றிவிட்டதாகப் பூரிப்படைவதும் தவறாகும். கருவகத்துக்கு இன்று நிரல் எழுதுவோரிற் பெரும்பாலானோர் பெருநிறுவனங்களின் ஊதியத்தில் எழுதுகின்றனர். டெபியனின் தொண்டருட் பலருக்கும் அத்தகைய நிறுவனங்களே சோறிடுகின்றன. நாம் கூறுவது மட்டான ஒன்றுதான்: அங்கு உற்பத்தியாளர் சிலவற்றைத் தாமே தீர்மானிக்கின்றனர், அத்தீர்மானத்துக்கான விவாதம் எவரும் வாசிக்கக்கூடியதாக உள்ளது.

இவ்வேறுபாட்டின் பயனை எமது ஆறாவது கணினியிற் கண்டோம். அது 32 பிட் செயலியுடையது. உபுண்டு அத்தகைய பொறிகளுக்கான மேசைக்கணினிப் பதிப்பை 2017 இலேயே கைவிட்டது. டெபியனோ 2025 ஓகஸ்ட் 9 இல் வெளிவந்த 13 ஆம் பதிப்பிலேதான் அவற்றுக்கான நிறுவியை நிறுத்தியது. இடைப்பட்ட எட்டாண்டுகள் மேற்குலகின் அலுவலகமொன்றுக்கு ஒன்றுமில்லை. கழித்தொதுக்கப்பட்ட கணினிகளையே முதற்கணினியாகக் காணும் கிராமத்துக்கு அவை ஒரு மாணவ தலைமுறை.

நண்பர் ஒருவர் மின்ட்டையே பரிந்துரைத்தார். விண்டோஸை ஒத்த தோற்றமும், தொடக்கநிலையினர்க்கு இலகுவான ஒழுங்கும் அதன் வலிமைகள். அவர் கூற்றிற் பெரிதும் உண்மை உண்டு, தனியொருவரின் புதிய மடிக்கணினிக்கு நாமும் அதனையே கூறுவோம். ஆனால் எமது பொறிகள் சிலவற்றில் 2 கிகாபைற் நினைவகமே இருந்தது. இணையமோ கைத்தொலைபேசியின் தரவுப்பொதி வழியே வருவது. ஓயாது புதுப்பதிப்புகளை இறக்கும் ஆர்ச் போன்ற வழங்கல்கள் இக்காரணத்தாலேயே விலக்கப்பட்டன. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை பதிப்பு மாறுவதும், இடையே பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களையே தருவதுமான டெபியனின் நிலைப் பதிப்பை, பளுக்குறைந்த எக்ஸ்.எப்.சீ.ஈ. மேசைத்தளத்தோடு நிறுவினோம். அதன் சித்திர நிறுவி தொடக்கத்திலேயே தமிழையும் சிங்களத்தையும் மொழித் தெரிவுகளாகக் காட்டியது. இரு மொழியும் வழங்கும் இக்கரையில் அது சிறு விடயமன்று.

எதிர்பாராத தடை தமிழிலிருந்தே வந்தது. வாசிகசாலையின் கடிதங்களைத் தட்டச்சிடும் முதியவர் பாமினி முறையிற் பழகியவர். ஈழத்தில் யுனிகோட் பரவுமுன் கோலோச்சிய அவ்வெழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாய்த் தோன்றும். இருபதாண்டுக் கடிதங்கள் இவ்வடிவிலேயே கிடந்தன. எமது டெபியனின் எம்.17.என். உள்ளீட்டுத் தொகுதியில், 1999 சென்னை மாநாட்டின் வழிவந்த தமிழ்99 இருந்தது, இலங்கையின் தரமாக ஏற்கப்பட்ட ரெங்கநாதன் முறை இருந்தது, பாமினி இருக்கவில்லை. “தம்பி, கை பழகினதை மாத்தேலாது” என்று பெரியவர் கூறிவிட்டார்.

தரப்படுத்தலின் நியாயத்தை அவருக்கு விளக்க முற்பட்டது எமது தவறு. தரங்களை வகுப்போர் ஓரிடத்திலும், விரல்கள் வேறிடத்திலும் இருப்பது மொழித் திட்டமிடலின் பழைய நோய். ஆனால் அத்தொகுதியின் ஒவ்வொரு விசைப்பலகையும் சாதாரண எழுத்துக் கோப்பாகவே உள்ளது. இந்த விசைக்கு இந்த எழுத்து என வரிவரியாக அதிற் குறிக்கப்பட்டுள்ளது. க.பொ.த. உயர்தர மாணவி ஒருத்தி தமிழ்99 கோப்பைப் பிரதி செய்து, பெரியவரை அருகிருத்தி, அவர் விரல் போகும் இடத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். பாமினியில் ‘கெ’, ‘கே’ போன்றவற்றின் கொம்பு எழுத்துக்கு முன்னே அடிக்கப்படுவது; யுனிகோட்டில் அது மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுவது. இம்முரணைத் தீர்க்க மட்டும் மூன்று மாலைகள் சென்றன. நான்காம் நாள் பெரியவர் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் அடித்தார். அது யுனிகோட்டில் அமைந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கேரளத்தின் பள்ளிகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் லினக்ஸ் நிலைத்திருப்பதற்குக் காரணம், அங்கு முதலில் டெபியன் தெரிவு செய்யப்பட்டதோ பின்னர் உபுண்டு தெரிவு செய்யப்பட்டதோ அன்று என்றே நாம் கருதுகின்றோம். ஆசிரியர் சங்கம் பாடத்திட்டத்தில் ஏகபோக மென்பொருளை எதிர்த்தது, ஆசிரியரே பயிற்றப்பட்டனர். வழங்கல் மாறியபோதும் கைகள் மாறவில்லை.

மாம்புரியில் ஐந்து கணினிகள் டெபியன் 13 இல் இயங்குகின்றன. 32 பிட் கணினி 12 ஆம் பதிப்பிலேயே நிற்கின்றது. இணையத்தினின்று துண்டிக்கப்பட்ட அதிலே பெரியவர் பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக யுனிகோட்டுக்கு மாற்றி வருகின்றார். 2009 வரை வந்துவிட்டார்.