தண்டுவடத்தில் எஞ்சியிருக்கும் வழி

தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அது முழுதாக அறுந்துபோவதில்லை. நசுங்கிய இடத்தின் ஓரமாகச் சில நரம்பிழைகள் பிழைத்திருக்கும். மூளையின் கட்டளை அவற்றின் வழியே இறங்கினாலும், தசையை இயக்கும் நரம்பணுவை உசுப்பும் பலம் அதற்கு இருப்பதில்லை. எனவே, மின்சாரம் கொடுத்தால் கை கால் அசையுமா என்று கேட்பதைவிட, எஞ்சிய இழைகளை எப்படிப் பலப்படுத்தலாம் என்று கேட்பதே பயன் தரும். தூண்டலையும் பயிற்சியையும் பிரிக்காமல் கொடுப்பதுதான் இதற்கு வழி என்பது என் வாதம்.

கேரன் பண்டே, மோனிகா பெரெஸ் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. தலைமேல் பிடித்த காந்தச் சுருள் மூளையின் இயக்கப் பகுதியில் ஒரு துடிப்பை எழுப்பும். மணிக்கட்டு நரம்பில் ஒரு மின்துடிப்பு கொடுக்கப்படும். ஒன்று மேலிருந்து இறங்க, மற்றது கீழிருந்து ஏற, இரண்டும் தண்டுவட நரம்பணுவில் சந்திக்கும். மூளையின் துடிப்பு ஓரிரு மில்லி விநாடி முந்திக்கொள்ள வேண்டும். அப்படி முந்தும்போது அந்த இணைப்பு வலுப்பெறுகிறது. நேரக்கணக்கு மாறினால் பலன் இல்லை. இணைந்து இயங்கும் நரம்பணுக்களின் பிணைப்பு இறுகும் என்று டொனால்ட் ஹெப் 1949இலேயே முன்வைத்த கருத்துதான் இதற்கு அடிப்படை. தூண்டலுக்குப் பிறகு, ஒன்பது துளைப் பலகையில் சிறு குச்சிகளைச் செருகும் வேகம் கூடியது. சட்டைப் பொத்தான் போட முடியாதவருக்கு விரலின் இந்த வேகம் சிறிய விஷயமல்ல.

பிசியோதெரபி மட்டும் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரெஸ் குழுவின் 2020 ஆய்வு இதையே சோதித்தது. காயம்பட்டு ஓராண்டுக்கு மேலானவர்களுக்கு, பயிற்சியோடு சிலருக்கு உண்மைத் தூண்டலும் சிலருக்குப் போலித் தூண்டலும் 10 அமர்வுகள் தரப்பட்டன. நடை, கைவேலை ஆகியவற்றுக்கு ஆகும் நேரம் எல்லாக் குழுக்களிலும் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. ஆனால் தசையின் வலு 40 முதல் 50 சதவீதம் கூடியது உண்மைத் தூண்டல் பெற்றவர்களுக்கு மட்டுமே. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, தூண்டலும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களிடம் முன்னேற்றம் நிலைத்திருந்தது. போலித் தூண்டலோடு பயிற்சி செய்தவர்களிடம் அது நிலைக்கவில்லை. வியர்வை சிந்திப் பெற்றதை இழப்பது எவ்வளவு பெரிய சோர்வு என்பது இவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களுக்குத் தெரியும். ஆகவே, பயிற்சியின் பலனைத் தக்கவைப்பதையே தூண்டலின் முதன்மையான பயனாக நான் கருதுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரெகுவார் கூர்தீனும் ஜோசலின் பிளாக்கும் இன்னும் ஆழமாகப் போனார்கள். எலிகளின் மூளையைத் துருவி, பசியோடும் விழிப்போடும் தொடர்புடையதாக அறியப்பட்ட பக்க ஹைப்போதாலமஸ் பகுதிக்கு நடை மீள்வதிலும் பங்கு உண்டு என்று கண்டார்கள். பிறகு, ஓரளவு காயம்பட்ட இருவருக்கு அங்கே மின்முனை பொருத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவுகள் வந்தன. தூண்டும்போது நடை உடனே மேம்பட்டது. பல மாதப் பயிற்சிக்குப் பின், தூண்டலை நிறுத்தியும் முன்னேற்றம் தங்கியது. இரண்டு பேரை வைத்து முடிவு கட்டலாமா? கூடாது. மூளையைத் திறக்கும் ஆபத்தும் உண்டு. பெரிய ஆய்வுகள் தேவை. இழை ஒன்றுகூட எஞ்சாதவருக்கு இந்த வழிகள் உதவ வாய்ப்பில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ‘முழுக் காயம்’ என்று குறிக்கப்பட்டவர்கள் சிலரிடமும் இழைகள் எஞ்சியிருப்பது உண்டு. காந்தத் துடிப்பு கொடுத்துத் தசையின் மின் சலனத்தைப் பதிவு செய்தால் சிலரிடம் அது தென்படும். நம்பிக்கை இல்லை என்று கைவிரிக்கும் முன் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.