வழக்கில் தோற்ற சீமாட்டி வரைவித்த படம்

தம் உருவத்தைப் பணம் கொடுத்து எழுதுவிப்போர் முகச்சாயல் பொருந்திவிட்டாற் போதும் என்று அமைவதில்லை. தாம் கற்ற கல்வி, வகித்த பதவி, பிறந்த குலம், பட்ட துயரம் ஆகிய யாவும் படத்திலே இடம்பெறல் வேண்டும் என்று விரும்புவர். வாழ்க்கையோ நெடியது, ஓவியனின் சீலையோ சில அடி அகலமே உடையது. ஆதலினாற் குறியீடு வேண்டியதாயிற்று. நம் வீட்டு விறாந்தைகளில் தொங்கும் பழைய நிழற்படங்களை ஒருமுறை உற்றுநோக்குங்கள். பாட்டனார் கையில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். பக்கத்தில் உயர்ந்த முக்காலியின்மேல் ஒரு பூச்சாடி இருக்கும். அப்புத்தகத்தை அவர் வாசித்தாரோ இல்லையோ, படம்பிடிப்பவர் அதைக் கையிற் கொடுத்தாரோ, யாரறிவார்? பாட்டனார் படித்த மனிதர் என்பதைப் பேரப்பிள்ளைகள் அறிதல் வேண்டும் என்பதே கருத்து.

இக்கலை ஐரோப்பாவிலே பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளிற் பெரிதும் செழித்தது. ஹொல்பைன் என்னும் ஜெர்மானிய ஓவியர் 1533ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தூதர் ஒருவருக்காகத் தீட்டிய படத்தில், தூதரும் அவர் நண்பரும் நிற்கும் இடத்தருகே ஓர் இசைக்கருவி கிடக்கின்றது. அதன் நரம்பொன்று அறுந்துள்ளது. அக்காலத்துச் சமயப் பிளவை அது குறிக்கின்றது என்று கலை அறிஞர் கூறுவர். அக்காலத்தார் படத்தைப் பார்த்ததோடு அமையாது, ஏட்டைப் படிப்பதுபோற் படித்தனர்.

ஒருவருடைய வாழ்க்கையைப் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே பலகையில் எழுதுவித்தவர்களும் உளர். எலிசபெத்து மகாராணியின் தூதராகப் பிரான்சுக்குச் சென்ற சேர் ஹென்றி அன்ரன் என்பவர் 1596ஆம் ஆண்டு அங்கேயே நோயுற்று இறந்தார். அவர் மனைவி டொரத்தி கணவனின் நினைவாக ஓர் ஓவியம் எழுதுவித்தார். எழுதியவர் பெயர் தெரியவில்லை. படம் இன்று இலண்டனில் உள்ள தேசிய உருவப்பட மண்டபத்தில் இருக்கின்றது. நடுவே அன்ரன் மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இருமருங்கிலும் புகழும் மரணமும் உருவெடுத்து நிற்கின்றன. அவரைச் சூழ, தாயின் கையிற் குழந்தையாய் இருந்தது, ஒக்ஸ்போர்டிற் கற்றது, இத்தாலிக்குச் சென்றது, நெதர்லாந்துப் போர்க்களம், வீட்டிலே நடந்த விருந்தும் கூத்தும், நோய்ப்படுக்கை, உடலைச் சுமந்துவரும் கப்பல், சவ ஊர்வலம் என்று சிறுசிறு காட்சிகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு மூலையிற் சூரியன், எதிர்மூலையிற் சந்திரன்.

அருமையான படம்தான். ஆயினும் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்னும் அவசரம் அதிலே தெரிகின்றது. பூமிசாத்திரப் படத்தில் ஊர்களைத் தேடுவதுபோல அன்ரனுடைய வாழ்க்கையை நாம் விரல்வைத்துத் தேடவேண்டியிருக்கின்றது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் பின்னே, இன்னொரு பெண்மணி இதே நோக்கத்தோடு ஓர் ஓவியம் எழுதுவித்தார். அவர் எல்லாவற்றையும் சொல்லவில்லை. சொல்லாது விட்டவற்றினாலேயே அப்படம் பேசுகின்றது.

அவர் பெயர் ஆன் கிளிபர்ட். வட இங்கிலாந்திலே கம்பர்லாந்துப் பிரபுவான ஜோர்ஜ் கிளிபர்டுக்கு 1590ஆம் ஆண்டு ஸ்கிப்டன் கோட்டையிற் பிறந்தவர். தமையன்மார் இருவரும் ஐந்து வயதளவிலேயே இறந்துபோக, ஆன் ஒருவரே மிஞ்சினார். தந்தையார் எலிசபெத்து மகாராணியின் அபிமானம் பெற்றவர். தம் செலவிலே கப்பல்கள் அனுப்பி ஸ்பானியரோடு கடற்போர் நடத்தியவர். அதனாற் பெருங்கடனாளியும் ஆனவர். அவர் 1605ஆம் ஆண்டு இறந்தபோது மரணசாசனத்தைப் பார்த்தால், கோட்டைகளும் நிலங்களும் தம்பி பிரான்சிசுக்கு எழுதப்பட்டிருந்தன. மகளுக்குக் கிடைத்தது 15,000 பவுண். அப்போது ஆனுக்கு வயது 15.

தேசவழமை வழங்கும் யாழ்ப்பாணத்தாருக்கு இது விநோதமாகவே தோன்றும். ஆண்மக்கள் இல்லாதவிடத்து மகள் உயிரோடிருக்க முதுசத்தைத் தகப்பனின் தம்பி கொண்டுபோவதா என்று கேட்பர். அதே கேள்வியைத்தான் ஆனின் தாயாராகிய மார்கிரட் சீமாட்டியும் கேட்டார். அவர் அழுதுகொண்டு மூலையில் இருந்துவிடவில்லை. பழைய பத்திரங்களைத் தேடி எடுப்பித்தார். அந்நிலங்கள் ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி நேர் வழித்தோன்றலுக்கே சேரவேண்டும் என்று, இரண்டாம் எட்வேர்ட் மன்னன் காலம் முதல், அஃதாவது முந்நூறு ஆண்டளவாக, விதிக்கப்பட்டிருந்தது என்பது அவர் வாதம். வழக்கு மூண்டது.

ஆன் 1609ஆம் ஆண்டு டோர்செட் பிரபுவை மணந்தார். கைநிறையச் செலவிடும் அக்கணவருக்கு மனைவியின் நிலவுரிமையைவிட அதற்கீடாகக் கிடைக்கும் பணமே இனித்தது. சமாதானப் பத்திரத்திற் கையெழுத்திடு என்று நெருக்கினார். இரண்டு வயதுகூட நிரம்பாத பெண்குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பச் செய்தார். அதே 1616ஆம் ஆண்டில் துணையாய் நின்ற தாயாரும் காலமானார். மறு ஆண்டு தைமாதத்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னனே ஆனைத் தம்முன் அழைத்து, வழக்கைத் தம் தீர்ப்புக்கு விடும்படி கேட்டார். உயிருள்ளவரை வெஸ்ட்மோர்லாந்தை விட்டுக்கொடேன் என்று அப்பெண் மன்னன் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார். இதனை அவருடைய நாட்குறிப்பே கூறுகின்றது. கணவன், சிற்றப்பன், அரசன் ஆகிய மூவரும் ஒரு பக்கம் நிற்க, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தனியே மறுபக்கம் நின்ற காட்சியை எண்ணிப்பாருங்கள். மன்னன் ஆனின் சம்மதமின்றியே சிற்றப்பனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தான்.

வழக்கிலே தோற்றவருக்கு ஈற்றிற் காலமே வெற்றி கொடுத்தது. சிற்றப்பன் 1641இலும், அவர் மகன் ஆண்வாரிசின்றி 1643இலும் இறந்தனர். முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் நிலங்கள் ஆனுக்கே வந்தன. ஆனால் அப்போது இங்கிலாந்திலே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. இலண்டனிலே தங்கியிருந்த சீமாட்டியால் வடக்கே போகவும் முடியவில்லை. உரிமை வந்தும் மண்ணிலே காலடி வைக்க இயலாத அக்காலத்தில், 1646ஆம் ஆண்டில், அவர் எழுதுவித்ததே ‘பெரும்படம்’ என்று இன்று வழங்கும் ஓவியம். யான் வான் பெல்காம்ப் என்னும் ஓவியர் எழுதியதாகக் கருதப்படுகின்றது.

பெயருக்கேற்ப மிகப் பெரியதே. மூன்று பகுதிகளாய் அமைந்தது. உயரம் எட்டடிக்கு மேல். மூன்றையும் விரித்தால் அகலம் ஏறக்குறையப் பதினாறடி. கோவில்களின் பலிபீடத்துக்கு மேலே வைப்பதற்கு ஐரோப்பியர் இவ்வாறு முப்பகுதிப் படங்களை எழுதுவது வழக்கம். தெய்வத்துக்குரிய அந்த அமைப்பைச் சீமாட்டி தம் குடும்பத்துக்கு எடுத்துக்கொண்டார்.

நடுப்பகுதியிலே தந்தையும் தாயும் இறந்துபோன தமையன்மார் இருவரும் நிற்கின்றனர். படம் எழுதிய காலத்தில் இந்நால்வரில் ஒருவரும் உயிரோடில்லை. பழைய உருவப்படங்களைப் பார்த்தே ஓவியர் எழுதினார். அதனாலோ என்னவோ முகங்கள் மரப்பாவையின் முகங்கள்போல் விறைத்து நிற்கின்றன. தூரிகைத் திறத்தை நாடுபவர்கள் இப்படத்தில் ஏமாற்றமே அடைவர் என்பது என் எண்ணம். ஆயினும் அந்தத் தாயைக் கவனியுங்கள். அவர் கருவிலே ஆன் இருந்த காலத்தையே இப்பகுதி குறிக்கின்றது என்பர். காணப்படாவிடினும் ஆன் அங்கே இருக்கின்றார். சகோதரர் இருவரும் கண்ணுக்குத் தெரிகின்றனர். வாரிசோ கண்ணுக்குத் தெரியாமல் அவர்கள் பக்கத்திலேயே இருக்கின்றது. தாயின் அருகே விவிலியமும், செனெக்கா என்னும் உரோம ஞானியின் நூலும், மருந்து வடிக்கும் முறைகளைக் கூறும் கையெழுத்துப் பிரதியும் வைக்கப்பட்டுள்ளன. பக்தி, பொறுமை, பிறர் நோய் தீர்த்தல் என்று அம்மையாரின் குணங்கள் மூன்றையும் மூன்று ஏடுகள் சொல்லிவிடுகின்றன. ஓரங்களில் மரபுச் சின்னங்களும் வமிசாவளிக் குறிப்புகளும் வரிசையாக ஓடுகின்றன. படமென்று கருதினால் இவை இடைஞ்சல். நீதிமன்றத்தில் ஏற்கப்படாத பத்திரங்களைச் சீமாட்டி இங்கே தாக்கல் செய்கிறார் என்று கருதினால் ஓரெழுத்தும் மிகையன்று.

இடப்பகுதியில் ஆன் பதினைந்து வயதுக் கன்னியாக நிற்கின்றார். உரிமை பறிபோன வயது அது. அருகே இசைக்கருவியும் பூந்தையல் வேலையும் கிடக்கின்றன. சுவரிலே அவருக்குக் கற்பித்த சாமுவேல் டானியல் என்னும் புலவரின் படமும், வளர்த்துப் பேணிய ஆசிரியையின் படமும் தொங்குகின்றன. ஆசிரியத் தொழில் செய்பவன் ஆகையால் இதைக் கண்டு எனக்குச் சற்றுப் பெருமையே உண்டாயிற்று. பிரபுக்கள் படத்தில் வாத்தியாருக்கு இடம் கிடைப்பது எளிதன்று. தட்டுகளில் ஓவிட், சோசர், புனித ஒகஸ்தீன், மொந்தேன் முதலியோர் நூல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘டொன் குவிக்சோட்’டும் ஒன்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1612ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பதினைந்து வயதில் ஆன் அதைக் கற்றிருத்தல் அரிது. ஐம்பத்தாறு வயதுச் சீமாட்டி தம் இளமையை நினைந்து அடுக்கிய நூல்கள் இவை என்று கொள்வதே பொருந்தும்.

வலப்பகுதியில் அந்த ஐம்பத்தாறு வயதுச் சீமாட்டியே நிற்கின்றார். கருநிற உடை, காலடியில் ஒரு நாயும் பூனையும், கை நூலின்மேற் பதிந்திருக்கின்றது. மேலே தட்டுகளைப் பாருங்கள். நூல்கள் சரிந்தும் சாய்ந்தும் குலைந்து கிடக்கின்றன. ஒழுங்காக நின்ற ஏடுகளை இப்படிக் குலையச்செய்தது வாழ்க்கைதான் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா. ஆயினும் இதற்கு வேறொரு பொருளும் உண்டு என்று நினைக்கிறேன். அடுக்கிய நூல்கள் வைத்திருப்பவருக்குரியவை. குலைந்த நூல்களே வாசிப்பவருக்குரியவை.

இனி, சொல்லாது விட்டது எது என்பதற்கு வருவோம். இடப்பகுதியில் வயது 15; வலப்பகுதியில் 56. இடையிலே கழிந்த நாற்பத்தோர் ஆண்டுகள் எங்கே? இரண்டு முறை மணந்தார். ஆண்மக்களைப் பெற்றுக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பெண்மக்கள் இருவரை வளர்த்தார். இங்கிலாந்தின் மிகச் சிறந்த மாளிகைகளிலே தலைவியாய் இருந்தார். அவற்றில் ஒன்றுக்கேனும் படத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்படவில்லை. டோர்செட் பிரபுவும், 1630இல் மணந்த இரண்டாங் கணவர் பெம்புரோக் பிரபுவும் வலப்பகுதிச் சுவரிலே இரு சிறு படங்களாகத் தொங்குகின்றனர். பெம்புரோக் அப்போது உயிரோடிருந்தவர். மனைவியைப் பிரிந்து வாழ்ந்தார். உயிரோடிருந்த கணவனுக்குச் சுவரிலே ஒரு சிறு சட்டம். முப்பது ஆண்டுக்கு முன் இறந்த தாய்க்கு நடுப்பகுதியில் முழு உருவம். அம்மாளிகைகளிலே தாம் கழித்த காலம் துயரக் காலமே என்று சீமாட்டி பின்னாளில் எழுதிவைத்தார். படத்தில் அதைக்கூட எழுதுவிக்கவில்லை. உரிமையை இழந்த நாளிலிருந்து மீட்ட நாள்வரை உள்ள காலத்தைத் தம் வாழ்நாட் கணக்கிலே அவர் சேர்க்கவில்லை போலும்.

இப்படத்தை எழுதியவர் பெல்காம்ப் என்றாலும் ஆக்கியவர் ஆன் கிளிபர்டே. எந்நூல் எத்தட்டில், எவர் முகம் எவ்வளவு பெரிது என்பன கூலிக்குத் தீட்டும் ஓவியர் தாமாக முடிவுசெய்திருக்கக்கூடிய காரியங்கள் அல்ல.

இப்படத்துக்கு இரு பிரதிகள் இருந்தன என்பர். இன்று எஞ்சியுள்ளது ஒன்றே. நெடுங்காலம் அப்பிள்பி கோட்டையில் இருந்த அது, 1981ஆம் ஆண்டு முதல் கெண்டல் நகரத்து அபட் ஹோல் கலைக்கூடத்துக்கு உரியதாயிற்று.

சீமாட்டி 1649ஆம் ஆண்டு வடக்கே சென்றார். பின்னர் இலண்டனுக்குத் திரும்பவேயில்லை. இடிந்த கோட்டைகளையும் தேவாலயங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்திக் கட்டுவித்தார். அப்பிள்பியில் ஏழைக் கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். 1676ஆம் ஆண்டு, தம் 86ஆம் வயதில், தாயார் உயிர்நீத்த பிரவுகம் கோட்டையிலேயே காலமானார். அக்கோட்டைக்கு அண்மையில் வீதியோரத்தில் அவர் எழுப்பிய ஒரு கற்றூண் நிற்கின்றது. தாயும் மகளும் கடைசியாக ஒருவரையொருவர் பிரிந்த இடம் அதுவே. பிரிந்த நாள் 1616 ஏப்ரல் 2. தூண் நிறுவிய ஆண்டு 1656. தூணின் தலையிலே குடும்பச் சின்னங்களும் நிழற்கடிகாரங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பக்கத்திலே தாழ்வாக ஒரு கல்மேசை உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் அம்மேசைமேல் வைத்து 4 பவுண் அவ்வூர் ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்படி நிதி வைத்து, அதனையும் அத்தூணிலேயே எழுதுவித்தார்.