வரம்பு கட்டி வாழ்தல்

மதுவுக்கு அடிமையானவரைப் பற்றி வெளிப்படையாகப் பேச நாம் பழகிவிட்டோம். சூதாட்டத்தால் சீரழிந்த குடும்பங்களுக்காகவும் பரிந்து பேசுகிறோம். ஆனால், காம இச்சைக்கு அடிமையாகி மீள வழியறியாது தவிப்பவரைப் பற்றியும், ஓர் உறவு முறிந்தவுடன் மற்றோர் உறவைத் தேடி ஓடாமல் இருக்க இயலாதவரைப் பற்றியும் நாம் வாய் திறப்பதில்லை. வெட்கம் நம் நாவைக் கட்டிவிடுகிறது. அந்த மௌனத்தின் இருளில் எத்தனையோ கணவர்களும் மனைவியரும் இளைஞரும் தனித்து நின்று துன்புறுகின்றனர். இத்தகையோர் மீண்டெழுவதற்குப் பெரிதும் துணைபுரிவது தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளும் வரம்பு. அதனைப் பற்றி இங்குச் சிறிது சிந்திப்போம்.

நோயா, பாவமா?

‘இது நோயா, பாவமா?’ என்னும் கேள்வி நம்மிடையே எழுவது இயல்பு. உலக நலவாழ்வு அமைப்பு 2019ஆம் ஆண்டில் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை ஓர் உளநலக் கோளாறாக இடம்பெற்றுள்ளது. தூண்டுதலை அடக்க இயலாமை ஆறு மாதம் அல்லது அதற்கும் மேலாகத் தொடர்ந்து, குடும்பத்தையும் வேலையையும் உடல்நலத்தையும் கெடுக்கும் நிலையே அங்குக் குறிக்கப்படுகிறது. அதனை ‘அடிமைநிலை’ என்று அழைப்பது தகுமா என்பதில் மருத்துவரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

அந்த வகைப்பாடு மற்றொன்றையும் தெளிவுபடுத்துகிறது. ஒருவர் தம் இச்சைகளை ஒழுக்க நோக்கில் தவறெனக் கருதி வருந்துவது மட்டுமே இந்நோய்க்கு அடையாளமாகாது. ஆகவே சோதனைக்கு உட்பட்ட ஒவ்வோர் இளைஞனும் ‘நான் நோயாளி’ என்று அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறே, உண்மையில் கட்டுப்பாட்டை இழந்தவர் ‘இன்னும் உறுதியாகத் தீர்மானித்தால் போதும்’ என்று தம்மை ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒப்புரவு அருட்சாதனம் மன்னிப்பை அளிக்கிறது. ஆண்டுக்கணக்கில் வேரூன்றிய பழக்கத்திற்கோ மருத்துவமும் துணையும் பயிற்சியும் தேவைப்படுகின்றன.

அகுஸ்தினார் பெயரில் ஒரு குழு

மதுவிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் 1935இல் அமெரிக்காவில் தோன்றியது. அவ்வியக்கத்தால் குடியை வென்ற சிலர், காமமும் காதல் மயக்கமும் இன்னும் தம்மை ஆட்டிவைப்பதை உணர்ந்தனர். அத்தகையோர் 1976இல் பாஸ்டன் பகுதியில் ஒன்றுகூடிப் புதியதொரு குழுவை அமைத்தனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் நமக்கு வியப்பளிக்கும்: ‘அகஸ்டின் ஃபெலோஷிப்’. புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலில் ஒளிவுமறைவின்றி எழுதிய இளமைக்காலப் போராட்டத்தில் அவர்கள் தங்களையே கண்டனர்.

இக்குழுவினர் கைக்கொள்ளும் முதற் கருவி ‘அடிக்கோடு’ என்பதாகும். எச்செயலில் இறங்கினால் தம் வாழ்வு மீண்டும் சீர்குலையும் என்பதை ஒவ்வொருவரும் ஆராய்ந்து எழுதிவைக்கின்றனர். அக்கோட்டைத் தாண்டுவதில்லை என உறுதி பூணுகின்றனர். 1977இல் மின்னியாபொலிஸ் நகரில் தொடங்கிய மற்றொரு குழுவினர் மூன்று வட்டங்களை வரைகின்றனர். உள்வட்டத்தில் முற்றிலும் விலக்க வேண்டிய செயல்கள். நடுவட்டத்தில் அவற்றை நோக்கி வழுக்கிவிடும் சூழல்கள். வெளிவட்டத்தில் உள்ளத்தை வளப்படுத்தும் நற்செயல்கள்.

இவற்றுள் நாம் மிகுந்து கவனிக்க வேண்டியது நடுவட்டமே. எவரும் ஒரேயடியாக விழுவதில்லை. நள்ளிரவில் தனியறையில் கைபேசியுடன் இருத்தல், முறிந்த உறவுக்கு ‘நலம் விசாரித்து’ ஒரு செய்தி அனுப்புதல், வெளியூர் விடுதியில் தனித்துத் தங்குதல் போன்ற சிறு செயல்களே விழுவதற்கு வழி திறக்கின்றன. பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கு நிலைகளிலும் விழிப்பாயிருக்குமாறு மீட்புக் குழுக்கள் எச்சரிப்பதும் இதனாலேயே.

எது வரம்பு?

‘இனி நல்லவனாக வாழ்வேன்’ என்பது நல்ல ஆசை, அது வரம்பாகாது. ‘இரவு ஒன்பது மணிக்குப் பின் கைபேசியைக் கூடத்திலேயே வைத்துவிடுவேன்’ என்பது வரம்பு. ‘அவரை மறக்க முயல்வேன்’ என்பது வரம்பாகாது. ‘அவருக்கு எழுதமாட்டேன், அவர் எண்ணை வைத்திருக்கமாட்டேன், அவர் செல்லும் இடத்திற்குக் காரணம் தேடிச் செல்லமாட்டேன்’ என்பது வரம்பு. அது செயலைக் குறிக்க வேண்டும், எழுதப்பட வேண்டும், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் காட்டப்பட வேண்டும். தனக்கு மட்டுமே தெரிந்த வரம்பை, சோதனை வந்த வேளையில் மனம் தன் விருப்பம்போல் திருத்தி எழுதிக்கொள்ளும்.

வரம்பு கட்டிய தொடக்க நாட்களில் உறக்கமின்மையும் பதற்றமும் வெறுமையும் தோன்றக்கூடும். இதனை நோய் முற்றியதாகக் கொள்ளலாகாது. உழவர் வரப்பைக் கட்டியபின் நண்டு வளை விழுந்து நீர் கசிவதுண்டு. அதற்காக எவரும் வரப்பை வெட்டிவிடுவதில்லை, வளையை அடைக்கிறார். தவறியவரும் அன்றே தம் வழித்துணைவரிடம் சொல்லி, கசிந்த இடத்தை அடைத்தல் வேண்டும்.

ஆயர் இல்லத்து விதி

அகுஸ்தினார் 387இல் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின், ஆயரான நிலையில் ‘அறிக்கைகள்’ எழுதியபோதும், பழைய பழக்கத்தின் நிழல்கள் உறக்கத்தில் தம்மை அணுகுவதை அவர் மறைக்கவில்லை. அவருடன் வாழ்ந்த பொசிடியுஸ் எழுதிய வரலாற்றில், அவரது இல்ல விதி ஒன்று காணப்படுகிறது. எந்தப் பெண்ணும் அவ்வில்லத்தில் தங்கவில்லை. கைம்பெண்ணாகிக் கன்னியர் இல்லத் தலைவியாயிருந்த அவருடைய உடன்பிறந்த சகோதரியும் விலக்கல்லர். பெண்கள் அவரைக் காண வந்தால் குருக்கள் உடனிருந்தனர். சகோதரியின்மேல் ஐயம் கொண்டு வகுத்த விதியன்று இது. அவரைக் காணப் பிற பெண்கள் வந்துபோவதால் உடன் வாழ்வோருக்கு இடறலும், வெளியாருக்கு அவதூறுக்கு இடமும் ஏற்படக்கூடாது என்பதே நோக்கம்.

இவ்விதியை அப்படியே நம் இல்லங்களில் புகுத்துதல் பொருந்தாது. பெண்ணையே ஆபத்தாகக் கருதுவதும் வரம்பன்று. ஆண்டுகள் பல கடந்தபின்னும் ‘எனக்கு இனி ஆபத்தில்லை’ என்று கருதாத அத்தாழ்ச்சியையே நாம் கற்க வேண்டும்.

துணைவருக்கும் வரம்புண்டு

வரம்பு நம் சொந்த நடையை ஒழுங்குபடுத்துவது. பிறரை ஆட்டிவைக்கும் கயிறன்று. ‘நீ வெளியே போகக்கூடாது’ என்பது ஆணை. ‘பொய் தொடருமானால் உறவினரிடம் நான் மூடி மறைக்கமாட்டேன், மருத்துவப் பரிசோதனை முடியும்வரை தாம்பத்திய உறவுக்கு இணங்கமாட்டேன்’ என்று புண்பட்ட மனைவி கூறுவது வரம்பு. ‘மன்னித்தபின் வரம்பு எதற்கு?’ என்று சில பெரியோர் அவளைக் கடிந்துகொள்வதுண்டு. மன்னிப்பு ஒரு நாளில் அளிக்கப்படலாம். நம்பிக்கையோ பயிரைப்போல் மெல்ல வளர்வது. வீட்டில் அடிதடியும் அச்சுறுத்தலும் இருக்குமாயின், முதலில் பாதுகாப்பான இடத்தைத் தேடுவதே கடமை.

பெற்றோரே, பங்குமக்களே! இத்துன்பத்தை ஒருவர் நடுக்கத்துடன் நம்மிடம் வெளிப்படுத்தினால், முகஞ்சுளிக்காமல் செவிமடுப்போம். கேட்டதை எவரிடமும் கூறாதிருப்போம். உளநல மருத்துவரிடம் செல்ல அவருக்குத் துணை போவோம். ‘இன்று எந்த இடத்தில் வரப்பு கசிகிறது?’ என்று அன்புடன் வினவ ஒருவர் உண்டெனில், தனிமையில் தளர்ந்த மனமும் மீண்டும் மண்வெட்டியைக் கையில் எடுக்கும்.