வட்டகொடையில் கொடை இல்லை: மலையக ஊர்ப்பெயர்கள் சொல்லும் கதை

ஹட்டனிலிருந்து நானுஓயா போகும் புகையிரதத்தில் ஜன்னலோரம் இருந்தால் கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டன் என்று பெயர்ப்பலகைகள் வரும். எங்கள் ஊர் வட்டகொடை. யாரோ வள்ளல் கொடையாகக் கொடுத்த ஊர் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். அப்படியல்ல. சிங்களத்தில் 'கொட' என்றால் மேட்டுநிலம். கொட்டகலையில் இருப்பது 'கல', அதாவது பாறை. தலவாக்கலையின் முடிவோ 'கெலே', காடு. பாறையையும் காட்டையும் தமிழ்க் காது ஒரே 'கலை' ஆக்கிவிட்டது.

அதற்குமேல் வெள்ளைக்காரர் வைத்த பெயர்கள். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். தங்கள் ஊர்ப்பெயர்களையும் இங்கே நட்டார்கள். ஹோலிரூட், எடின்பரோவில் உள்ள அரண்மனை. பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் குன்று. காடே நடந்து அந்தக் குன்றுக்கு வந்தால்தான் தோல்வி என்று மக்பெத்துக்குச் சொல்லப்படுகிறது. இங்கே காடு நடக்கவில்லை, வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார்.

அவர்கள் வைத்த பெயர்கள்? மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, மேட்டுலயம், பணியலயம். தோட்டப் பிரிவைக் 'கணக்கு' என்போம். குடியிருக்கும் இடத்தைக்கூட வேலைத்தலத்தின் சொல்லால் அழைத்துப் பழகிய வாழ்க்கை. வரைபடத்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை.

பதிவில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பிரித்தானியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வோலில் ஊர்ப்பெயர்கள் பல 'ட்ரே', 'பொல்', 'பென்' என்று தொடங்கும். குடியிருப்பு, குளம், முனை என்று பொருள். அந்தக் கோர்னிஷ் மொழி 18ஆம் நூற்றாண்டின் முடிவோடு அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. நில உறுதிகளிலும் வரைபடங்களிலும் ஏறிவிட்டதால் பெயர்கள் மட்டும் நிலைத்தன. எங்கள் கதை நேர்மாறு. மொழி உயிரோடு இருக்கிறது, பெயர் ஏட்டில் இல்லை.

மணலாறு 1988இல் வெலிஓயா ஆனதைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 'வெலி' மணல், 'ஓயா' ஆறு. பொருள் அப்படியே இருக்க, ஊர் கைமாறியது.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களில் என் பெரியம்மா குடும்பமும் ஒன்று. கிளிநொச்சியிலிருந்து அவர் போடும் கடிதத்தில் பாரதிபுரம் என்று முகவரி இருக்கும். பதில் கடிதத்தில் நாங்கள் எழுதியது தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். பணியலயம் என்று உறையில் ஒருநாளும் எழுதியதில்லை.