வெள்ளக்காலப் படகுகளின் சிறு எஞ்சினில் பெட்ரோல் தடைப்படுதலும் அதனைக் கண்டறியும் முறையும்

ஆற்றுப் படுகைகளிலும் கடலோரத்திலும் நிலம் வைத்துப் பயிரிடுவோருக்குப் படகும் ஒரு விவசாயக் கருவியே ஆகும். ஆறு பெருகுங் காலத்தில் ஆட்களையும் கன்றுகாலிகளையும் விதைத் தானியத்தையும் கரை சேர்ப்பதற்கு அதைவிட உற்ற துணை வேறில்லை. 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொள்ளிடம் பெருக்கெடுத்தபோது, மயிலாடுதுறை மாவட்டத்துத் திட்டுக் கிராமங்களிலிருந்து மக்கள் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். 2015 ஆம் ஆண்டில் சென்னையிலும், 2018 ஆம் ஆண்டில் கேரளத்திலும் வெள்ளம் சூழ்ந்தபோது மீனவர்களின் படகுகள் செய்த உபகாரம் யாவரும் அறிந்ததே.

இத்தகைய படகுகளிற் பல, பின்புறத்துப் பலகையில் மாட்டப்படும் சிறு பெட்ரோல் எஞ்சினால் இயங்குவன. இவ்வகை எஞ்சினை அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்த ஓலி எவின்ரூட் என்பவர் 1909 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது முதல் எத்தனையோ திருத்தங்கள் ஏற்பட்டும், பெட்ரோல் சரிவர வந்து சேராமல் எஞ்சின் நின்றுபோகும் தொல்லை இன்றும் உண்டு. மீனவரின் எஞ்சின் நாள்தோறும் ஓடுவதால் குற்றம் உடனே புலப்படும். கிராமத்தில் வெள்ளத்திற்கென வைத்திருக்கும் எஞ்சினோ ஆண்டில் பத்து மாதம் கொட்டகையில் கிடந்து, நீர் வாசலுக்கு வந்த அன்றே வெளியில் எடுக்கப்படுகிறது. அப்போது கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அது கிளம்புவதில்லை. கிளம்பினாலும் நடு ஆற்றில் நின்றுவிடுகிறது. அவசரத்தில் கார்புரேட்டரைக் கழற்றிப் போடுவது வழக்கமாயிருக்கிறது. அது கடைசியிற் செய்யவேண்டிய காரியம். டாங்கியிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்த்து வந்தால் அநேக குற்றங்கள் கார்புரேட்டரை எட்டுமுன்னரே அகப்பட்டுவிடும்.

பெட்ரோல் செல்லும் வழி

தனி டாங்கி உள்ள எஞ்சினில் பெட்ரோல் செல்லும் வழி பின்வருமாறு: டாங்கியின் மூடியில் காற்றுப் புகுவதற்கு ஒரு சிறு திருகு உண்டு. டாங்கியின் அடிவரை இறங்கும் குழாயின் முனையில் ஒரு சல்லடை உண்டு. அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாகப் பெட்ரோல் வெளியேறிக் கையால் அமுக்கும் ரப்பர் பல்பை அடைகிறது. பின் இணைப்பு வாய் வழியாக எஞ்சினுக்குள் நுழைந்து, வடிகட்டியையும் சிறு பம்பையும் கடந்து, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் நிறைகிறது. கிண்ணம் நிறைந்ததும் மிதவை உயர்ந்து ஊசி வால்வினால் வழியை அடைத்துவிடும். கிண்ணத்திலிருந்து ஜெட் எனப்படும் நுண்ணிய துளைகளின் மூலம் பெட்ரோல் காற்றுடன் கலந்து சிலிண்டருக்குச் செல்கிறது. இவ்வழியில் எவ்விடத்திலேனும் அடைப்போ காற்றுக் கசிவோ ஏற்பட்டால் எஞ்சின் பட்டினியாகிவிடும்.

குற்றம் பெட்ரோலினுடையதா என அறிதல்

எஞ்சின் விளக்கை அணைத்தாற்போலத் திடீரென நின்றால், பெரும்பாலும் மின்பொறியின் குற்றமாயிருக்கும். ஓட்டுபவர் உடம்பிற் கட்டிக்கொள்ளும் நிறுத்துக்கயிற்றின் கிளிப்பு கழன்றிருக்கிறதா என்று முதலில் நோக்கவேண்டும். அவ்வாறின்றி, எஞ்சின் வேகம் குறைந்து, இருமி, தயங்கித் தயங்கி நின்றால் பெட்ரோல் தடை என்று கொள்ளலாம். எஞ்சின் சோர்ந்து வரும்போது ரப்பர் பல்பை அமுக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. அமுக்கியவுடன் எஞ்சின் உயிர்பெற்று ஓடுமாயின், கார்புரேட்டர் பெரும்பாலும் குற்றமற்றது. தடை அதற்கு முன்னுள்ள வழியிலோ பம்பிலோ இருக்கிறது என்பது விளங்கும்.

ரப்பர் பல்பு கூறும் சாட்சி

இவ்வழி முழுவதிலும் நமக்குச் சாட்சியாக இருப்பது அந்த ரப்பர் பல்பே. அதன் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்கவேண்டும். அம்பு மேல்நோக்கி நிற்கும்படி பிடித்து அமுக்கினால் விரைவில் நிறையும்.

(1) பல்பு இறுகிக் கல்போல் ஆயிற்றெனில், பெட்ரோல் பல்புவரை தடையின்றி வந்திருக்கிறது. அதன் பிறகும் எஞ்சின் கிளம்பாவிட்டால் இணைப்பு வாய், வடிகட்டி, ஊசி வால்வு, ஜெட் ஆகியவற்றையும் ஸ்பார்க் பிளக்கையும் சோதிக்கவேண்டும்.

(2) எத்தனை முறை அமுக்கினும் பல்பு இறுகவில்லையெனில், டாங்கியில் பெட்ரோல் குறைந்திருக்கலாம். குழாயின் கிளிப்புத் தளர்ந்து காற்றை இழுக்கலாம். இணைப்பு வாயிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். பல்பினுள்ளிருக்கும் வால்வு கெட்டிருக்கலாம். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுமாயின், ஊசி வால்வு மூடாமல் நிற்கிறது என்று அறியவேண்டும்.

(3) எஞ்சின் ஓடும்போது பல்பு சப்பையாகிச் சுருங்குமாயின், தடை பல்புக்கும் டாங்கிக்கும் இடையில் இருக்கிறது. காற்றுத் திருகு மூடியிருத்தல், சல்லடை அடைபடுதல், குழாய் மடிந்திருத்தல் ஆகியவையே இதற்குக் காரணம்.

வரிசையாகச் சோதிக்கும் முறை

முதலாவது, மூடியிலுள்ள காற்றுத் திருகு. எஞ்சின் சில நிமிஷங்கள் நன்றாக ஓடிப் பிறகு நின்று, சற்று ஓய்ந்தபின் மறுபடி கிளம்புமாயின் இதன்மேல்தான் சந்தேகங் கொள்ளவேண்டும். பெட்ரோல் வெளியேறிய இடத்திற்குக் காற்றுப் புகாவிட்டால் டாங்கியில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பின்னுக்கு இழுக்கும். மூடியைத் தளர்த்தும்போது உஸ் என்று காற்று உட்புகும் ஒலி கேட்டால் குற்றம் அதுவே. திருகைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டாவது, டாங்கியில் இருக்கும் பெட்ரோலின் தன்மை. அடியிலிருந்து சிறிதளவு எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, சற்று நேரம் அசையாமல் வைக்கவேண்டும். நீர் கலந்திருந்தால் அடியில் தனிப்படலமாகத் தங்கும். நம் நாட்டில் நூற்றுக்கு 20 பங்கு எரிசாராயம் சேர்ந்த பெட்ரோல் 2023 ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்திருப்பதால் இச்சோதனை முன்னிலும் அவசியமாகிறது. எரிசாராயம் நீரைத் தன்பால் ஈர்க்கும் குணமுள்ளது. ஓரளவு வரையில் அது நீரைத் தன்னுடன் கரைத்து வைத்திருக்கும். அளவு மிஞ்சினால் நீரும் எரிசாராயமும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டாங்கியின் குழாய் அடியிலிருந்தே உறிஞ்சுவதால் அக்கலவையே எஞ்சினுக்குச் செல்லும். இரட்டை வீச்சு எஞ்சினில் எண்ணெய் மேலுள்ள பெட்ரோலில் தங்கிவிடுமாதலால், அடியிலுள்ளதைக் கொண்டு ஓட்டினால் எஞ்சின் கிளம்பாமலிருப்பது மட்டுமன்றி, உராய்வினால் சேதமுறவும் கூடும். இவ்வாறு பிரிந்த பெட்ரோலைக் குலுக்கி உபயோகிக்கலாகாது. முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிதாக ஊற்றவேண்டும்.

மூன்றாவது, சல்லடையும் குழாயும். சல்லடையில் படிந்த துருவையும் பிசினையும் சுத்தமான பெட்ரோலில் அலசி நீக்கவேண்டும். குழாய் வெளியில் நன்றாயிருப்பினும், எரிசாராயத்தால் உட்புறம் உப்பித் தளர்ந்து, உறிஞ்சும்போது வழியை மூடிக்கொள்வது உண்டு. தண்ணீருக்கென விற்கும் ரப்பர் குழாயை இவ்விடத்தில் பொருத்துதல் தவறு. பெட்ரோலுக்கென்றே செய்த குழாயையே வாங்கவேண்டும்.

நான்காவது, வடிகட்டியும் பம்பும். வடிகட்டி அழுக்கேறியிருந்தால் மாற்றவேண்டும். பம்பினுள் டயாபிரம் எனப்படும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அது கிழிந்தாலும் விறைத்தாலும், கையால் பல்பை அமுக்கிக்கொண்டிருக்கும் வரையில்தான் எஞ்சின் ஓடும். ஆபத்து வேளையில் அவ்வாறே அமுக்கிக்கொண்டு கரை சேரலாம். பிறகு சவ்வை மாற்றிவிடவேண்டும்.

இறுதியாகவே கார்புரேட்டர். மாதக்கணக்கில் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக மாறி ஜெட்டுகளை அடைத்துவிடும். சோக்கை இழுத்தால் மட்டும் ஓடி, தள்ளியவுடன் நிற்கும் எஞ்சினுக்கு இது பெரும்பாலும் காரணமாயிருக்கும். கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றி, தேங்கியதை ஒரு பாத்திரத்தில் வடித்துப் பார்க்கவேண்டும். ஜெட்டுகளைக் கார்புரேட்டர் கழுவும் திரவத்தால் சுத்தஞ்செய்து காற்றை ஊதவேண்டுமேயன்றி, ஊசியாலோ கம்பியாலோ குத்தலாகாது. துளை சிறிது பெரிதானாலும் பெட்ரோலின் அளவு கெட்டுவிடும்.

பெட்ரோல் மிகுதியாலும் எஞ்சின் கிளம்பாமல் இருக்கலாம். பல்பை அளவுக்கு மீறி அமுக்கி, சோக்கையும் இழுத்துவைத்தால் ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கைத் தள்ளி, வேகப்பிடியை முழுதுந் திறந்து சிலமுறை கயிற்றை இழுத்தால் இது நீங்கும். பிளக்கைக் கழற்றிய நிலையில் கயிற்றை இழுத்துப் பார்த்தல் கூடாது. பொறி தெறித்துத் தீப்பற்றக்கூடும்.

கவனிக்கவேண்டிய ஜாக்கிரதைகள்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் இறங்கித் தங்கும். ஆகவே டாங்கியைக் கரையில் இறக்கிவைத்தே நிரப்பவேண்டும். அருகில் பீடியும் விளக்கும் ஆகா. இரட்டை வீச்சு எஞ்சினுக்கு எண்ணெய் கலக்கும் அளவை எஞ்சினுடன் வந்த புத்தகத்திற் கண்டபடியே கொள்ளவேண்டும். 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அதாவது லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் என்பது பல எஞ்சின்களுக்கு உரிய அளவு. நான்கு வீச்சு எஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்கவே கூடாது. பெட்ரோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும்படி அமைந்த எஞ்சினாயின், நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டவேண்டும். இல்லாவிடில் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்தமுறை எஞ்சின் கிளம்பாது.

வெள்ளம் வருமுன் செய்யவேண்டியவை

வெள்ளக்காலம் முடிந்து படகைக் கரையேற்றுமுன், எஞ்சின் நீரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கிண்ணத்திலுள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடவேண்டும். பிறகு எஞ்சியதையும் வடித்து, டாங்கியைக் காலிசெய்து உலர்த்தி வைக்கவேண்டும். சென்ற ஆண்டின் பெட்ரோலை இவ்வாண்டிற்கென்று சேமித்தல் சிக்கனமன்று.

மாதம் ஒருமுறை புதுப் பெட்ரோலைச் சிறிதளவு ஊற்றி, எஞ்சினை நீர் நிறைந்த பீப்பாயில் நிறுத்திக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்து, முன்போலவே வற்றவிட்டு வைப்பது நலம். குளிர்நீர் உட்புகும் துளைகள் நீரில் நன்கு மூழ்கியிருக்கவேண்டும். நீரின்றி ஒரு நிமிஷமும் ஓட்டலாகாது. இச்சோதனை நடந்த தேதியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிராம உத்தியோகஸ்தர் குறித்துவருவது பொறுப்பை நிலைநிறுத்தும். மாற்று ஸ்பார்க் பிளக், வடிகட்டி, ரப்பர் வளையம், இரண்டு கிளிப்பு, பிளக் சாவி, திருப்புளி ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியிலிட்டுப் படகிலேயே வைக்கவேண்டும். துடுப்பும் எப்போதும் உடனிருக்கவேண்டும்.

டாங்கி, காற்றுத் துளை, வடிகட்டி, கார்புரேட்டர் என்ற இவ்வரிசை, பெட்ரோலில் ஓடும் சிறு இறைவை எஞ்சினுக்கும் பொருந்தும்; டீசல் எஞ்சினின் அமைப்பு வேறாதலால் அதற்கு முழுதும் பொருந்தாது. படகு எஞ்சினைப் பொறுத்தவரை, ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் இச்சோதனையைச் செய்து முடித்த கிராமத்தார், வெள்ளம் வந்த இரவில் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கவேண்டிய நிலை பெரும்பாலும் நேராது.