சீடையும் வெடிக்கும், சுரோஸும் வெடிக்கும்

கோகுலாஷ்டமிக்குச் சீடை பொரிக்கும்போது குழந்தைகளை அடுப்பங்கரைப் பக்கம் விடாத வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ‘டப்’ என்று ஒரு சீடை வெடித்தால் போதும், எண்ணெய் கூரைவரை தெறிக்கும். இந்தச் சீடை அனுபவம், ஸ்பெயின் நாட்டுப் பலகாரம் ஒன்றைச் செய்தபோது எனக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. என் வலது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணய அளவில் இருக்கும் தழும்பே அதற்குச் சாட்சி. சங்கத்துச் சகோதரிகளில் ஒருவருக்காவது இது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் தோழிகளுடன் நொய்டாவில் ஒரு மாலுக்குப் போய்விட்டு வந்தாள். “அம்மா, சுரோஸ்னு ஒண்ணு சாப்பிட்டேன். நம்ம முள்ளு முறுக்கை நீட்டமா பிழிஞ்சு சர்க்கரையில புரட்டின மாதிரி இருக்கு” என்றாள். நாலு குச்சிக்கு அவள் கொடுத்த விலையைக் கேட்டதும், “இதை வீட்டிலேயே செய்துவிடலாமே” என்று தோன்றியது. நம்மில் யாருக்குத்தான் தோன்றாது?

விசாரித்துப் பார்த்ததில் அவள் சொன்னது மிகச் சரி. ஸ்பெயினில் இது காலைச் சிற்றுண்டி. கெட்டியாகக் காய்ச்சிய சூடான சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். மாட்ரிட் நகரில் 1894 முதல் இதற்கென்றே பெயர் பெற்ற சான் கினேஸ் என்ற கடை இருக்கிறது. ஸ்பானியர்கள் ஆண்ட மெக்சிகோவிலும் இது பிரபலம். அங்கே சர்க்கரையும் பட்டைப் பொடியும் கலந்து அதில் புரட்டுகிறார்கள். நமக்குச் சந்தோஷமான சேதி என்னவென்றால், ஸ்பெயினின் பழைய முறையில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. மாவு, கொதிக்கும் தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். பிழிகிற கருவியும் நம் முறுக்கு அச்சின் ஒன்றுவிட்ட சகோதரன்தான்.

சென்ற ஆண்டு டிசம்பர். தில்லிக் குளிர் நடுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மாவைக் கிளறினேன். முறுக்கு அச்சில் பிழிந்தால் ஒல்லியாக வருமே, மாலில் விற்பது விரல் பருமன் ஆயிற்றே என்று ஒரு யோசனை. பால் கவர் ஒன்றைக் கழுவித் துடைத்து, மாவை அடைத்து, மூலையை வெட்டிப் பிழிந்தேன். வழவழவென்று அழகான உருண்டைக் குச்சிகள் வந்தன. எண்ணெயும் நன்றாகக் காய்ந்திருந்தது. நாலைந்தைப் போட்டேன். பொன்னிறமாகும் நேரத்தில் ஒன்று ‘படார்’ என்று வெடித்தது. கொதிக்கும் எண்ணெய் என் மணிக்கட்டிலும் சுவரிலும் தெறித்தது. அதுவரை என்னை உரசிக்கொண்டு நின்ற மகள், அப்போதுதான் தட்டு எடுக்க நகர்ந்திருந்தாள். அவள் முகம் அங்கே இருந்திருந்தால் என்று இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயடியில் கையை நீட்டினேன். பக்கத்து வீட்டம்மாள் பற்பசை தடவச் சொன்னார். இன்னொருவர் இங்க் என்றார். மகள் பிடிவாதமாக எதையும் தடவ விடவில்லை. இருபது நிமிடம் ஓடும் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். பிறகு டாக்டரும், “நீங்கள் செய்ததுதான் சரி. பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் கூடாது” என்றார்.

சுரோஸ் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்ட என் மாமியார் கேட்டது ஒரே கேள்விதான்: “மேலே வழவழன்னு இருந்துதா?” ஆமாம் என்றேன். “சீடையை அழுத்தி வழவழன்னு உருட்டாதேன்னு வருஷா வருஷம் சொல்றேனே. இதுக்கும் அதே கதைதாம்மா!”

அவர் சொன்னதில் இருக்கும் விஞ்ஞானம் இதுதான். மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். ஆனால் எண்ணெயில் விழுந்த மாவின் வெளிப்புறம் முதலில் வெந்து ஓடுபோல் இறுகிவிடுகிறது. வழவழப்பான உருண்டை வடிவில் விரிசல் விட வழியே இல்லை. உள்ளே ஆவி சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. மாவில் காற்று அடைபட்டிருந்தாலோ, எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தாலோ கேட்கவே வேண்டாம். சுரோஸின் நட்சத்திர வடிவம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. பள்ளங்கள் இருப்பதால் உள்வரை சீராக வேகிறது. மெல்லிய இடங்களில் விரிசல் விட்டு ஆவியும் போய்விடுகிறது. நாம் சீடையை ஊசியால் குத்துவதும், லேசாக உருட்டி விரிசலோடு விடுவதும் இதற்காகவேதான்.

இது ஏதோ என் வீட்டு விபத்து மட்டுமல்ல. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 2004ஆம் ஆண்டு ஒரு நாளிதழ் சுரோஸ் செய்முறையை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்தவர்கள் பலர் தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதில் சொன்னபடியே செய்தால் சுரோஸ் வெடிக்கக்கூடும், பத்திரிகை அதை முழுமையாகச் சோதித்துப் பார்க்காமல் வெளியிட்டிருக்கிறது என்று வழக்கு போயிற்று. 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 13 பேருக்கு நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிட்டது. ஆகவே, கீழே உள்ள குறிப்பை முள்ளு அச்சில் நான்கு தடவை செய்து பார்த்த பிறகே நம் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்!

தேவையான பொருட்கள்: மைதா 1 கப், தண்ணீர் 1 கப், உப்பு கால் டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், பொரிக்க எண்ணெய், சர்க்கரை கால் கப், பட்டைப் பொடி அரை டீஸ்பூன்.

செய்முறை: மைதாவைச் சலித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் உப்பும் எண்ணெயும் சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்குங்கள். மைதா முழுவதையும் ஒரே தடவையாகக் கொட்டி, கரண்டிக் காம்பால் கட்டியில்லாமல் வேகமாகக் கிளறுங்கள். மாவு ஒட்டாமல் உருண்டு வர வேண்டும். பத்து நிமிடம் ஆறியதும் கையில் எண்ணெய் தொட்டு நன்றாகப் பிசையுங்கள். சோடா உப்பு, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம்.

முறுக்கு அச்சில் ஒற்றை நட்சத்திரத் துளை உள்ள முள்ளு அச்சைப் போடுங்கள். இங்கே கடைகளில் சக்லி அச்சு என்று கேட்டால் கிடைக்கும். மாவை இடைவெளி இல்லாமல் அழுத்தி அடையுங்கள். காற்று அடைபடக் கூடாது. எண்ணெய் தடவிய தட்டில் விரல் நீளத்துக்குப் பிழிந்து கத்தியால் நறுக்குங்கள். முள் மழுங்கிப் போனதை எடுத்து மறுபடி பிழியுங்கள்.

ஆழமான வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். மிதமான தீ போதும். கிள்ளிப் போட்ட மாவு, குமிழியோடு நிதானமாக மேலே வர வேண்டும். உடனே துள்ளிச் சிவந்தால் சூடு அதிகம். தெர்மாமீட்டர் இருப்பவர்கள் 180 டிகிரி செல்சியஸ் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக வெந்தால், பிறகு மூன்று நான்காகப் போட்டு, திருப்பிவிட்டுப் பொன்னிறத்தில் எடுங்கள். எண்ணெய் வடிந்ததும், சூடு ஆறுமுன் சர்க்கரை, பட்டைப் பொடிக் கலவையில் புரட்டுங்கள்.

தொட்டுக்கொள்ள, ஒரு கப் பாலில் கொக்கோ 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், சோள மாவு 1 டீஸ்பூன் கரைத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சலாம். சுடச்சுடச் சாப்பிட்டுவிட வேண்டும். முறுக்கைப் போல டப்பாவில் அடைத்து ஊருக்கு எடுத்துப் போகிற சரக்கல்ல. ஒரு மணி நேரத்தில் சவசவவென்று ஆகிவிடும்.

முள்ளு அச்சில் பிழிந்தவை மாலில் விற்பதைவிட ஒல்லிதான். மகள் ஒன்றும் குறை சொல்லவில்லை. மாமியார் இரண்டு சாப்பிட்டுவிட்டு, “பட்டை வாசனைக்குப் பதில் ஏலக்காய் போட்டா இன்னும் நன்னா இருக்கும்” என்றார். போட்டுப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது.

நம் பாட்டிமார்கள் அளவை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை, கூடவே “இப்படிச் செய்யாதே” என்பதையும் சொன்னார்கள். நாம்தான் அதைச் சீடைக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பலகாரம் சொல்லிக் கொடுக்கும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். நாளை அவர்கள் எந்த நாட்டுப் பலகாரத்தைச் செய்தாலும் உதவும்.

சுரோஸ் செய்து பார்க்கும் அன்பர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். முதல் குச்சியைப் போட்டதும் இரண்டடி தள்ளி நில்லுங்கள். குழந்தைகள் கூடத்திலேயே இருக்கட்டும்.