அமானிதத்தோடு தொடங்கிய ஆண்டு

முஹர்ரம் முதற்பிறை தென்படும் மாலையில் எங்கள் மன்னார்குடியில் ஆரவாரம் எதுவும் இராது. ரமலான் பிறைக்குள்ள பரபரப்போ, மீலாது விழாவின் மேடையோ, நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலமோ இஸ்லாமியப் புத்தாண்டுக்கு இல்லை. மஃரிபு தொழுகை முடித்து வெளிவருவோர் வானத்தை ஒருமுறை நோக்கிவிட்டு, ஹிஜ்ரி ஆண்டு ஒன்று கூடிற்று என்று சொல்லிக்கொண்டு இல்லம் திரும்புவர். ஆயினும், ஓசையின்றி வரும் இந்நாளே நம்மிடம் கடினமானதொரு கேள்வியைக் கேட்கிறது என்பதை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு வாக்கில், ஆண்டுக் கணக்கு ஒன்றை வகுக்கும் தேவை எழுந்தது. அரசாங்கக் கடிதங்களில் மாதம் குறிக்கப்பட்டிருக்கும். எந்த ஆண்டின் மாதம் என்பது விளங்காது. தோழர்கள் கூடி ஆலோசித்தனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டிலிருந்து தொடங்கலாமா, நபித்துவம் பெற்ற ஆண்டிலிருந்தா, மறைந்த ஆண்டிலிருந்தா என்றெல்லாம் யோசனைகள் வந்தன. முடிவில் அவர்கள் தேர்ந்தெடுத்தது பிறப்பையும் அன்று, இறப்பையும் அன்று. மக்காவைத் துறந்து மதீனா சென்ற 622ஆம் ஆண்டின் ஹிஜ்ரத் என்னும் செயலையே தேர்ந்தெடுத்தனர். மாமனிதரை நினைவுகூர்வதென்றால் அவர் செய்ததை நினைவுகூர்வதே என்று அத்தோழர்கள் நமக்குக் கற்பித்துச் சென்றார்கள்.

அந்த ஹிஜ்ரத் எவ்வாறு தொடங்கிற்று? தௌர் குகையை நாம் அறிவோம். உடன் சென்ற அபூபக்கர் (ரலி) அவர்களையும் அறிவோம். பெருமானாரின் படுக்கையில் அன்றிரவு துணிவுடன் படுத்திருந்த அலி (ரலி) அவர்களையும் போற்றுகிறோம். ஆனால், அலி (ரலி) அவர்கள் மக்காவில் தங்கியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மக்கா மக்கள் நம்பி ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்கள் பெருமானாரிடம் இருந்தன. கொள்கையில் பகைத்தவர்களும் பொருளைப் பாதுகாக்க 'அல் அமீன்' ஆகிய அவர்களையே நாடினர். அப்பொருட்களை உரியவர்களிடம் சேர்ப்பித்த பின்னரே அலி (ரலி) அவர்கள் மதீனா புறப்பட்டார்கள். உயிருக்கு உலை வைத்தோர் நிறைந்த ஊரிலும், ஊரைத் துறக்கும் வேளையிலும், பிறர் பொருள் பிறருக்கே சென்றது. நமது ஆண்டுக் கணக்கின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது இதுதான்.

என் தந்தையார் இதைத் தம் கணக்குப் புத்தகத்தில் கடைப்பிடித்தார். சுற்றுவட்டாரத்திலிருந்து மலாயா, சிங்கப்பூர் சென்று பிழைத்தவர்கள் தங்கள் பத்திரங்களையும் நகைகளையும் அவரிடம் ஒப்படைத்துச் செல்வதுண்டு. ஒவ்வொரு முஹர்ரம் முதற்பிறையிலும் அவர் விளக்கருகே அமர்ந்து, தம்மிடமுள்ள பிறர் பொருள் யாவை என்று புதிதாக ஒரு பட்டியல் எழுதுவார். ஹிஜ்ரி 1400 பிறந்த 1979 நவம்பரில், வெளியே கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் எழுதியதை அருகிருந்து பார்த்தேன். "அறுவடை முடிந்து கையில் காசு வந்தபின் எழுதலாமே, அத்தா" என்றேன். "இந்த நாள் அறுவடைக்காகக் காத்திருக்காது, தம்பி" என்றார்.

உண்மைதான். சந்திர ஆண்டு 354 நாட்களே கொண்டது. ஆகவே ஹிஜ்ரிப் புத்தாண்டு ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முந்தி வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. குறுவையிலும் வரும், சம்பாவிலும் வரும். களம் நிறைந்திருக்கும்போதும் வரும், பத்தாயம் காலியாக இருக்கும்போதும் வரும். வசதியான வேளை பார்த்து நேர்மையைத் தள்ளிப்போட அது இடம் தருவதில்லை.

2003இல் தந்தையார் காலமானார். தாயார் முன்னரே மறைந்துவிட்டார். பத்து மா நன்செய். வாரிசுகள் நானும் தம்பியும் ஒரே தங்கையும். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வகுத்தபடி ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. எங்களுக்கு நந்நான்கு மா, தங்கைக்கு இரண்டு மா. ஆனால் நாங்கள் ஐந்தைந்து மாவாகப் பிரித்துக்கொண்டோம். கூத்தாநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை, விடுதலைப் பத்திரத்தில் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டாள். ஊரில் பலரும் செய்வதுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

மனமுவந்து விட்டுக்கொடுத்தால் குற்றமில்லை. ஆனால், பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சி இட்ட கையெழுத்து மனமுவப்பு ஆகுமா?

2025 ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, பாமணியாற்றில் புதுத் தண்ணீரை ஊர் எதிர்பார்த்திருந்த நாட்களில் ஹிஜ்ரி 1447 பிறந்தது. அன்றிரவு தந்தையாரின் பழைய புத்தகத்தைப் புரட்டினேன். ஊராரின் பொருளையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்த மனிதரின் மகன், உடன்பிறந்தாளின் பொருளைத் தன் பொருளாக உண்டு வந்திருக்கிறேன்! பிறர் பொருள் என்று எழுதி, அதன் கீழ் முதன்முறையாகத் தங்கையின் பெயரை எழுதினேன்.

தம்பி சில வாரங்கள் தயங்கினான், பின்னர் இசைந்தான். ஆளுக்கு ஒரு மாவாக இரண்டு மா நிலத்தையும் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, கடந்த ஆண்டுகளின் குத்தகைக்கு ஈடாக எங்களால் இயன்ற தொகையையும் எடுத்துச் சென்றோம். தங்கை பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. "நிலம் கிடக்கட்டும், அண்ணே. அத்தாவின் கணக்கில் நானும் ஒருத்தி என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது" என்று சொல்லி அழுதாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவள் சொல்லாதிருந்த சொல் அது.

இறைவன் விலக்கியவற்றை விட்டு விலகியவரே உண்மையான முஹாஜிர் என்று விளக்கம் தந்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். எனவே ஹிஜ்ரத் செய்ய நமக்கு ஒட்டகமும் வேண்டாம், பாலைவனமும் வேண்டாம். நம் வீட்டு இரும்புப் பெட்டிக்கும் உடன்பிறந்தாள் வீட்டு வாசலுக்கும் இடையிலுள்ள தூரமே போதும்.

அடுத்த முஹர்ரம் பிறை கண்டதும், அன்பர்களே, ஒரு தாளை எடுத்துப் பிறர் பொருள் என்று எழுதிப் பாருங்கள். அதன் கீழ் எழுத வேண்டிய பெயரை உங்கள் உள்ளம் அறியும். அதை எழுதவும், எழுதியதை நிறைவேற்றவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.